மலைக்குச் சளி புடிச்ச மாசம்

உக்காருங்க அம்மிணி. அந்தப் பக்கம் வேண்டாமுங்க, குரங்கு வந்து பையப் புடுங்கிட்டுப் போயிரும். இப்படி நெழலுக்கு வாங்க. என்னையப் பாத்துக் கூச்சப்படாதீங்க, உங்கப்பன் வயசு இருக்கும் எனக்கு. வீட்டுக்காரருக்குக் காத்திருக்கறீங்களாக்கு? கேக்கவே வேண்டியதில்லீங்க. ஆம்பளைச் செருப்பு, தோள்பை, தண்ணி பாட்டல், கண்ணாடி, முச்சூடும் உங்க மடியில கெடக்குதே.

இந்த எடத்துக்கே செருப்புத் திட்டுன்னுதானுங்க பேரு. அடிவாரத்துல இருந்து நாச்சிமலை ஏறி வாரவங்க அத்தன பேரும் இங்க செருப்பக் கழட்டிப்போட்டுத்தான் சங்கிலிப்பாறையில கைய வெப்பாங்க. பாத்தீங்களா, எப்படி நட்டமா நிக்குது. வெறுங்கால்ல, சங்கிலியப் புடிச்சுக்கிட்டு, பாறையில அடிச்சு வெச்சிருக்கற கம்பியில கால ஊனி ஊனிப் போகோணும். வழுக்குச்சுன்னா அவ்வளவுதான். தகிரியம் இல்லாதவங்க இங்கயே உக்காந்துக்குவாங்க.

நீங்க ஏறுலீங்களா? ஓ... உன்னால முடியாது, நீ இங்கயே இருன்னு சொல்லிப்போட்டாராக்கு? அதுஞ்செரி. பொம்பளைகளுக்கு எதுக்குங்க இந்த அக்கப்போரு. சாமானம் பாத்துக்கறதுக்கும் ஒரு ஆளு வேணுமில்லீங்க. கீழ உக்காந்திருந்தாலே பாதிப் புண்ணியம் வந்துருமுன்னு எங்கூட்டுக்காரி சொல்லுவா. அவளும் இங்கதான் உக்காந்திருப்பா. இப்ப நீங்க உக்காந்திருக்கறீங்களே, அதே எடம். அட, எந்திரிக்காதீங்க, உக்காருங்க. அவ ஒண்ணும் வந்து கேக்கப் போறதில்ல. தை மாசத்துல போயிட்டா.

நானா? நான் இன்னிக்கு ஏறறதா இல்லீங்க. முட்டியெல்லாம் நல்லாத்தான் இருக்குது. கோவமுங்க. மேல உக்காந்திருக்கறாளே நாச்சியாத்தா, அவ மேல கோவம். கோயல் கமிட்டிக்காரனுக மேல அதவிடக் கோவம். நேத்தே அமாவாசை முடிஞ்சு கூட்டமெல்லாம் போயிருச்சு. கூட்டத்தோட வரப் புடிக்காமத்தான் இன்னிக்கு வந்தேன். வந்தனா, செருப்பக் கழட்டுனனா, சங்கிலியில கைய வெச்சனா, வெச்ச கைய எடுத்துட்டேன். போடீ, நீயாக் கூப்புட்டாத்தான் இனி வருவேன்னு சொல்லிப்போட்டு உக்காந்துட்டேன். எத்தன வருசமா இந்த மலைக்கு வாரேன், சாமி சத்தியமா இந்தத் திட்டுல நான் உக்காந்ததே இல்லீங்க. வருவேன், கழட்டிப் போடுவேன், ஏறுவேன். எறங்குவேன், மாட்டுவேன், போவேன். இங்க உக்காந்தா இப்படிக் காத்தடிக்குமுங்கறதே இன்னிக்குத்தான் தெரியுது.

கேட்டுச்சுங்களா? மேல ஒருத்தன் செல்வராசூன்னு கத்தறான். ஐயோ, நீங்க வாயத் தொறந்துறாதீங்க! வெளையாட்டுக்குக் கூடப் பதில் சொல்லக்கூடாதுங்க. இந்த மலைச் சாத்திரம் உங்களுக்குத் தெரியாதாக்கு, டவுனுக்காரங்க.

சொல்றேன் கேளுங்க. மேல ஏறுனவங்க உச்சியில நின்னு, கூட ஏற முடியாதவங்க பேரச் சொல்லிக் கூப்புடோணும். அந்தப் பேருக்காரங்க இங்க திட்டுல இருந்தா, ஓஓய்ன்னு ஒரு கொரல் குடுக்கோணும். குடுத்தாங்கன்னா அவங்களும் ஏறுன கணக்கு. ஆளு இங்க இல்லீன்னா ஆரும் பதில் சொல்லக்கூடாது. செல்வராசு இங்க இல்ல. எந்த ஊர்ல தூங்கறானோ, விட்டுருங்க. அதுலயும் செத்தவங்க பேருக்கு, உசுரோட இருக்கறவங்க ஓய் சொல்லவே கூடாதுங்க. சொன்னா நம்ம ஆயுசுல ஒரு துண்டு அறுந்து அவங்க பக்கம் போயிருமாம். நான் சொல்லல, மயிலாத்தா சொன்னது. அதாங்க, என்ற ஊட்டுக்காரி. அவ இந்த அடிவாரத்து ஊருக்காரி, மலைச் சாத்திரம் அத்தனையும் அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. எனக்கு அவதான் எல்லாஞ் சொல்லிக் குடுத்தா.

இந்த மலைக்கு என்னையக் கூட்டியாந்ததே அவதானுங்க. கல்யாணமான புதுசு. நான் காட்டுக்காரன், மஞ்சக்காட்டுலயும் கரும்புக்காட்டுலயும் சமதரையிலயே நடந்து பழகுனவன். இந்தப் பாறையப் பாத்ததும் ரெண்டடி பின்னால போயிட்டேன். அவ சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு, சங்கிலியக்கூடத் தொடாம, ஆட்டுக்குட்டியாட்டம் ஏறிப்போயிட்டா. மேல நின்னுக்கிட்டு, "ஏனுங்க, இன்னும் அங்கயேவா நிக்கறீங்க, நான் வேணா எறங்கி வந்து தூக்கிட்டுப் போகட்டுமா"ன்னு ஒரே லொள்ளு. அந்தச் சிரிப்புக்காகவே ஏறுனேனுங்க. ஏறி, கை கால் முச்சூடும் சிராய்ச்சுக்கிட்டு அவ பக்கத்துல போயி நின்னேன்.

அப்படி ஏறுனவளுக்கு அப்பறம் எப்படித்தான் பயம் வந்துச்சோ. எங்க ஆத்தா செத்த வருசத்துல இருந்து அவ பாறை ஏறறத நிறுத்திப்போட்டா. "எனக்குத் தலை சுத்துதுங்க, நீங்க போயிட்டு வாங்க"ன்னுட்டா. வாலிப வயசுதானுங்க அவளுக்கு. அதுக்கப்பறமும் எங்க களத்துல வைக்கப்போர் மேல ஏறி நிப்பா, பனைமர ஒசரம், தலையும் சுத்தாது ஒண்ணுஞ் சுத்தாது. பாறைன்னா மட்டும் சுத்துமாம். பொம்பளைக மனசு ஆருக்குங்க தெரியும்? நானும் வற்புறுத்தல. வரும்போதெல்லாம் செருப்பையும் பையையும் மடியில வாங்கி வெச்சுக்கிட்டு, "நான் இங்கயேதான் இருப்பேனுங்க, நீங்க பாத்துப் போயிட்டு வாங்க"ம்பா. மாறாம அதே வார்த்த.

சித்தெ இருங்க, எங்க ஆத்தா சங்கதியச் சொன்னாத்தான் என்ற கோவம் உங்களுக்கு வெளங்கும்.

எங்க ஆத்தாளுக்கு எங்கக்கா புள்ளைய எனக்குக் கட்டி வெக்கோணும்னு ஆச. நான் மாட்டேன், கட்டுனா மயிலாத்தாளத்தான் கட்டுவேன்னு நின்னேன். கட்டவுஞ் செஞ்சேன். அன்னிக்கு நிறுத்துனாளுங்க பேச்ச. ஒரே வாசலு, ரெண்டு அடுப்பு. நான் எதுக்க வந்தா மூஞ்சியத் திருப்பிக்குவா. படுத்த படுக்கையானப்பறம் மயிலாத்தா ஊட்டுன சோத்தத் தின்னா, அவ தண்ணி வாத்தாக் குளிச்சா. ஆனா எங்க ரெண்டு பேருகிட்டயும் ஒரு வார்த்த கெடையாது. கடசி அன்னிக்கு நான் கட்டல்கிட்ட உக்காந்துக்கிட்டு ஆத்தா, ஆத்தான்னு கூப்புடறேன். கண்ணத் தொறந்து என்னைய நல்லாப் பாத்தா. வாயத் தொறக்கல. அப்படியே போயிட்டா.

பெத்தவ, அம்மிணி. என்ன தப்பு செஞ்சிருந்தாலும் சாகப்போற நேரத்துல ஒரு வார்த்த, "என்றா கண்ணு"ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? கருமாதி முடிஞ்சும் எனக்குச் சோறு எறங்கல. காட்டுக்குப் போக மாட்டேன், ஆருகூடவும் பேச மாட்டேன், பித்துப் புடிச்சவனாட்டம் கட்டல்ல கெடந்தேன். பாத்துப் பாத்து மயிலாத்தாதான், "வாங்க, அமாவாசைக்கு மலைக்குப் போலாம், உங்க ஆத்தாளக் கூப்புட்டுப் பாருங்க"ன்னு இழுத்துக்கிட்டு வந்தா. நாங்க எப்பவும் வெடியால, கூட்டம் வாரதுக்கு முந்தியே வந்துருவோம். அன்னிக்குத்தான் அவ மொதமொதல்ல தலை சுத்துதுன்னு இங்க உக்காந்தது.

நான் ஏறுனேன். உச்சியில ஒரு ஈ காக்கா இல்ல. எதுக்க நிக்குது பாருங்க ஒரு பாறை, ரெண்டாப் பொளந்த மாதிரி, அதப் பாத்து நின்னுக்கிட்டு, ஆத்தோவ்ன்னு கூப்புட்டேன். மொதல்ல மெல்லத்தான் கூப்புட்டேன். மறுக்கா அடிவயித்துல இருந்து கூப்புட்டேன். ஆத்தோவ்!

ஓஓய்ன்னு ஒரு கொரல் வந்துச்சுங்க.

நான் கூப்புட்டது திரும்பி வந்துச்சுன்னு நெனைக்காதீங்க. நான் கூப்புட்டது ஆத்தோவ். வந்தது ஓஓய். கட்டையான பொம்பளைக் கொரல், எதுக்கப் பாறையில இருந்து, நீளமா. அங்கயே பாறையில கவுந்து விழுந்து, புள்ளையாட்டம் அழுதேன். அழுது முடிச்சு எறங்கி வந்து, "ஏம்புள்ள, கேட்டுச்சா, ஆத்தா ஓய்ன்னா, எங்கிட்டப் பேசிப்போட்டா"ன்னேன். மயிலாத்தா என்னையப் பாத்தா. அவ கண்ணுலயும் தண்ணி. "கேட்டுச்சுங்க"ன்னா. என்ன இருந்தாலும் மாமியா இல்லீங்களா. அப்பறம் அடிவாரத்துக்குப் போயிக் கட்டுச்சோத்தப் பிரிச்சு வெச்சா. எத்தனையோ நாளைக்கப்பறம் வயிறாரத் தின்னேனுங்க அன்னிக்கு. அவ பங்கையும் சேத்துத் தின்னுப்போட்டேன்.

அதுல இருந்து மாசாமாசம் வந்துருவேன். ஆத்தாளக் கூப்புடுவேன், ஓஓய். அப்பறம் எங்கய்யன் போனாரு, அவரக் கூப்புடுவேன், ஓஓய். கெணத்துல விழுந்து போன என்ற தம்பியக் கூப்புடுவேன், ஓஓய். செத்தவங்க பேருக்கு மனுசங்க பதில் சொல்ல மாட்டாங்களே, அப்ப அது ஆருங்க? நாச்சியாத்தாதான். அவங்களுக்குப் பதிலா அவ சொல்றா. என்ற பேரே நாச்சிமுத்து, அவ பேர வெச்சவன். மத்தவங்க கூப்புட்டாக் கீழ இருந்து ஆளு சொல்றாங்க. நான் கூப்புட்டா மலையே சொல்லும். பெருமைக்குச் சொல்லல, நடந்ததச் சொல்றேன்.

ஊரெல்லாஞ் சொன்னேன். கமிட்டித் தலைவன் சென்னியப்பன் இருக்கறானே, அவன் சிரிக்கறான். "ஏனுங் மாமா, நாங்க பொறந்ததுல இருந்து இந்த மலையில கெடக்கறோம், எங்களுக்கு ஒருக்காக்கூட மலை பேசலையே"ங்கறான். உனக்கெதுக்குடா பேசும்? உண்டியலப் பாக்கவே உனக்கு நேரம் பத்தல. அவன் சிரிச்சத ஊட்டுல வந்து சொன்னா, மயிலாத்தாளுக்குக் கோவம் வந்துருச்சு. "அவுங்க கெடக்கறாங்க, உங்களுக்குக் கேக்குதில்ல, அது போதும்"ன்னா. என்னைய நம்புனது அவ ஒருத்திதானுங்க.

ஒரு வேடிக்கை கேளுங்க. ஒரு மார்கழியில கூப்புடறேன், கொரல் கரகரன்னு வருது. ஓஓய்யில பாதி காத்து. எறங்கி வந்து, "ஏம்புள்ள, மலைக்குச் சளி புடிச்சிருக்குதாட்ட இருக்குது"ன்னேன். அவ சிரிச்சா பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு. சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்துருச்சு. அவளுக்கும் அப்ப ஒரு வாரமா தொண்டை கட்டி, சுக்குத்தண்ணி வெச்சுக் குடிச்சுக்கிட்டிருந்தா. "மலைக்கும் கொஞ்சம் சுக்குத்தண்ணி வெச்சுக் குடு"ன்னேன். பஸ்சுல போற வழியெல்லாம் நெனச்சு நெனச்சுச் சிரிச்சா. அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்தது கம்மிங்க.

இன்னொருக்கா, எங்க எளைய மக பிரசவத்துக்கு அவ திருப்பூரு போயிருந்தா. நான் மட்டும் தனியா வந்தேன். கூப்புடறேன், கூப்புடறேன், ஒண்ணும் வரல. அன்னிக்குக் கெழக்கால இருந்து கீகாத்து பலமா அடிச்சுச்சு, அது இழுத்துட்டுப் போயிருச்சாட்ட இருக்குது. போன் போட்டு அவகிட்டப் பொலம்புனேன். "விடுங்க, அடுத்த மாசம் நான் வாரேன், அப்பக் கேக்கும் பாருங்க"ன்னா. வந்தா. கேட்டுச்சு. ராசிக்காரியின்னு சொன்னேன் அவள.

ஒரே ஒருக்காத்தான் அவ வாயத் தொறந்து கேட்டா. பேச்சுவாக்குல. "ஏனுங்க, செத்தவங்க பேரெல்லாம் கூப்புடறீங்க. ஒரு நாளைக்கு என்ற பேரயும் கூப்புடுங்களே." நான் சிரிச்சுப்போட்டேன். "ஏண்டி, நீதான் கீழயே உக்காந்திருக்கற, உன்னைய எதுக்கு மலை மேல நின்னு கூப்புடோணும்? பொண்டாட்டி பேரக் கத்துனா நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா?"ன்னேன். "அதுஞ்செரிதானுங்க"ன்னா. அதோட விட்டுட்டா. அவ எதையும் புடிச்சுத் தொங்கற ஆளே இல்லீங்க.

தை மாசம். மாட்டுக்குத் தண்ணி காட்டிப்போட்டு வந்து, "நெஞ்சு அடைக்கறாப்பல இருக்குதுங்க, சித்தெ உக்காந்துக்கறேன்"ன்னு வாசப்படியில உக்காந்தா. நான் சொம்புல தண்ணி கொண்டாந்தேன். குடிக்க ஆளு இல்ல. அவ்வளவுதானுங்க. அந்தச் சொம்ப எத்தன நேரம் கையில வெச்சுக்கிட்டு நின்னேன்னு எனக்கே தெரியாது.

அதுக்கப்பறம் வந்த அமாவாசைக்கு ஏறுனேன். இந்தக் கல்லுல ஆரும் இல்ல. செருப்ப அப்படியே கடாசிப்போட்டு ஏறுனேன். மேல நின்னு, ஆரு சிரிச்சா என்னடான்னு, மயிலாத்தான்னு கூப்புட்டேன். பொண்டாட்டி பேர, வாய் நெறைய, மொதமொதல்ல. ஒண்ணும் வரல. மறுக்கா கூப்புட்டேன். ஒண்ணும் வரல. செரி, புதுசாப் போனவ, பேரு பதியலியாட்ட இருக்குதுன்னு ஆத்தாளக் கூப்புட்டேன். ஆத்தாளும் வரல! எங்கய்யனும் வரல. தம்பியும் வரல. ஒரே நாள்ல எல்லாரும் செத்துப்போன மாதிரி ஆயிப்போச்சுங்க எனக்கு.

அப்பறந்தான் பாக்கறேன். கெரகத்த, உச்சியில தகரக் கொட்டாய் போட்டு வெச்சிருக்கறானுக! அந்த மாசந்தான் போட்டிருக்கறானுக. சாமிக்கு வெயிலடிக்குதாம். இத்தன காலம் வெயில்ல நின்ன சாமிக்கு இவனுக வந்துதான் நெழல் குடுத்தானுகளாக்கு. தகரம் சத்தத்தத் தின்னுருமில்லீங்க? மலை எப்படிப் பேசும்? நேராப் போனேன் சென்னியப்பன்கிட்ட. கொட்டாயப் பிரிடான்னேன். "மாமா, மனசு கஷ்டத்துல பேசறீங்க, ஊட்டுக்குப் போங்க"ங்கறான். சட்டையப் புடிச்சுப்போட்டேன். நாலு பேரு விலக்கி விட்டானுக. அடுத்த அமாவாசைக்கும் வந்தேன், சட்டையப் புடிச்சேன். இப்ப என்னையப் பாத்தாலே அவன் அக்கட்டால போயிக்கறான்.

பெரியவ பூங்கொடி வந்து, "அப்பா, தகரத்தக் குத்தஞ் சொல்லாதீங்க. அம்மா போனப்பறம் மலை எப்படிப்பா பேசும்?"ன்னு கேட்டா. என்னம்மா சொல்றேன்னேன். முந்தானையில மூஞ்சியப் பொத்திக்கிட்டு அழுவறா. அவளுக்கு அம்மா போன வெசனம், வாய்க்கு வந்ததப் பேசறா. நானும் விட்டுட்டேன்.

எனக்கு என்னங்க வேணும்? கோயலுல பரிவட்டமா கேக்கறேன்? ஒரே ஒரு ஓய். மயிலாத்தா நல்லாருக்கறாளா, நாச்சியாத்தாகிட்டப் போயிச் சேந்துட்டாளா, இல்ல எங்காவது தாகத்தோட நிக்கறாளா, அது தெரியோணும். தண்ணி குடிக்காமப் போனவ அம்மிணி அவ. ஆத்தாளுக்குச் சொன்னயே, அய்யனுக்குச் சொன்னயே, அவளுக்கு ஒரு ஓய் சொன்னா உன்ற வாயி கோணிக்குமா? அதாங்க கோவம். அதான் ஏற மாட்டேன்னு உக்காந்துட்டேன்.

இருங்க, மேல ஆரோ கூப்புடறாங்க. வளரூ, வளரூங்கறாரு. உங்களையா? வளர்மதிங்களா உங்க பேரு? நல்ல பேரு. அட, பாருங்க, உங்க ஊட்டுக்காரரு பேரச் சொல்லிக் கூப்புடறாரு, நாலு பேரு சிரிப்பாங்கன்னு பாக்காம. சொல்லுங்க, சொல்லுங்க, பதில் குடுங்க. கூச்சப்படக்கூடாது. எதுக்கப் பாறையப் பாத்து நல்லா நீட்டிச் சொல்லோணும்.

...

அம்மிணி.

இப்ப நீங்க சொன்னது... நீங்க இங்க நின்னுதான சொன்னீங்க? அது அந்தப் பாறையில போயி அடிச்சு, மேல போகுதே. உங்க கொரலாட்டமே இல்லையே. அங்க இருந்து வேற ஆரோ சொல்றாப்பல... இன்னொருக்காச் சொல்லுங்க. உங்க பேருக்குத்தான, தப்பில்ல, சொல்லுங்க.

போதும். போதுமுங்க.

அந்தத் தண்ணியக் குடுங்க கொஞ்சம்.

நான் எப்பவும் மேலதானுங்க நின்னேன். கூட்டம் வாரதுக்கு முந்தி வந்துட்டு முந்தியே போயிருவேன். இங்க இருந்து ஒருத்தரு சொல்றத நான் கேட்டதே இல்லீங்க. மேல நின்னு கேட்டா அது மலை சொல்றாப்பலதான் இருக்கும். மலை சொல்றாப்பலயேதான்...

மார்கழியில அவளுக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு. திருப்பூரு போயிருந்த மாசம்... அப்பக் கேக்கும் பாருங்கன்னு போன்ல சொன்னா. அடிப்பாவி. ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா எங்கிட்ட? அத்தன மாசமும் பஸ்சுல என்ற பக்கத்துலதான உக்காந்து வந்தா. ஆத்தா இன்னிக்குத் தெளிவாப் பேசுனாடின்னு நான் சொல்லச் சொல்ல, "அப்படிங்களா, அப்படிங்களா"ன்னு கேட்டுக்கிட்டு வந்தாளே. அழுத்தக்காரி. என்னைய என்னன்னு நெனச்சா? தெரிஞ்சாத் தாங்க மாட்டேன்னா? ஆமா, தாங்கியிருக்க மாட்டேன். சண்டைக்குத்தான் போயிருப்பேன்.

எங்க ஆத்தா அவகிட்ட ஒரு வார்த்த பேசுனதில்லீங்க. அந்த ஆத்தாளுக்காக இவ பேசியிருக்கறா, எனக்காக.

சாத்திரம் அவளுக்குத் தெரியுமே அம்மிணி. செத்தவங்க பேருக்கு ஓய் சொல்லக்கூடாது, ஆயுசுல ஒரு துண்டு போயிரும்னு எனக்குச் சொன்னவளே அவதான. தெரிஞ்சுக்கிட்டே சொன்னா. ஆத்தாளுக்கு ஒண்ணு, அய்யனுக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு. மாசாமாசம். நான் மேல நின்னு, போதாது, இன்னொருக்கான்னு மறுபடியுங் கூப்புடுவேன். அதுக்குஞ் சொல்லுவா. நான்தான் கேட்டுக் கேட்டு வாங்கிக்கிட்டேன்.

இல்லீங்க, வேண்டாமுங்க. நல்ல மனசோட சொல்றீங்க, ஆனா வேண்டாம். நான் மேல போயிக் கூப்புட்டு, நீங்க இங்க இருந்து அவளுக்காகச் சொல்றதா? சாமி சத்தியமாக் கூடாதுங்க. சின்ன வயசு உங்களுக்கு. புருசன் மேல நிக்கறாரு. அந்தப் பேருக்கு நீங்க வாயத் தொறக்கவே கூடாது.

நான் ஒண்ணு சொல்றேன், செய்யறீங்களா?

அந்தப் பை, செருப்பு எல்லாத்தையும் இங்க வெய்ங்க. ஆமா, என்ற மடியிலயே வெய்ங்க. குரங்கு தொடாது, நான் பாத்துக்கறேன். நீங்க ஏறுங்க. முடியுமுங்க, ஆருங்க உங்களால முடியாதுன்னு சொன்னது? சேலைய இழுத்து நல்லாச் சொருகிக்குங்க. சங்கிலிய ரெண்டு கையிலயும் புடிக்காதீங்க, ஒரு கை பாறையில இருக்கட்டும், அவ அப்படித்தான் சொல்லுவா. கீழ பாக்காதீங்க. மேல போயி, உங்க ஊட்டுக்காரரு ஏன் வந்தேன்னு கேட்டா, ஒரு கெழவன் அனுப்புனான்னு சொல்லுங்க. சொல்லிப்போட்டு, எதுக்கப் பாறையப் பாத்து நின்னு, ஒரு பேரக் கூப்புடுங்க. மயிலாத்தான்னு. மெல்லக் கூப்புடாதீங்க. இத்தன வருசம் காத்திருந்த பேரு, மலை முச்சூடும் கேக்கோணும்.

நான் இங்க இருந்து ஓய் சொல்றேன்.

தெரியுமுங்க. சாத்திரம் எனக்கும் தெரியும். ஒரு துண்டு போகுமா? போகட்டும். அவகிட்டத்தான போகுது.

அழுவாதீங்க, கண்ணத் தொடச்சுக்கிட்டு ஏறுங்க, கம்பி தெரியோணுமில்ல. அந்த மூணாவது கம்பி கொஞ்சம் ஆடும், பாத்துக் கால வெய்ங்க. பயப்படாமப் போயிட்டு வாங்க அம்மிணி. நான் இங்கயேதான் இருப்பேன்.